ஆடியோமாத்: காணாமல்போன உயிர்களைக் குரல் வழியே தேடும் சின்னப் பெட்டி

காட்டில் வைத்துவிட்டால் தானாகவே ஒலியைப் பதியும் ஆடியோமாத் கருவியை வாங்கலாமா என்று கேட்பவரிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான். நீங்கள் தேடும் உயிரின் குரல் எங்காவது பதிவாகி இருக்கிறதா? இருக்கிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஒன்று போதாது, பல வேண்டும். இல்லை என்றால், அந்தப் பணத்தைத் தானியங்கிக் கேமராக்களுக்கும், அந்தக் காட்டை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவருக்குச் சில வாரக் கூலிக்கும் செலவிடுவது மேல். கருவி நல்ல கருவிதான். ஆனால் எதற்கு நல்லது என்பது தெரியாமல் வாங்கினால், பருவம் முடியும்போது கையில் இருப்பது டெராபைட் கணக்கில் சில்வண்டுச் சத்தம் மட்டுமே.

இந்தக் கருவி உருவானதற்கும் ஒரு சில்வண்டுதான் காரணம். தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டில் வாழ்ந்த ஒரு சிறு சில்வண்டு இனம் 1990-களுக்குப் பிறகு உறுதியாகக் கண்ணில் படவில்லை. அதன் பாட்டு 14 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். வயது ஏறியவர்கள் பலருடைய காதுக்கு அது எட்டவே எட்டாது. எனவே காட்டுக்குப் போகிறவர்களின் கைபேசியே அதைக் கேட்கட்டும் என்று சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2013-ல் ஒரு செயலி செய்தார்கள். ஆனால் அந்தப் பூச்சி பாடும் இடத்துக்கு அது பாடும் நேரத்தில் ஆள் போக வேண்டுமே! அதற்குத் தீர்வாகக் காட்டிலேயே விட்டுவிட்டு வரக்கூடிய மலிவான பதிவுக் கருவியாக ஆடியோமாத் வந்தது. இப்போது ஓப்பன் அக்கூஸ்டிக் டிவைசஸ் என்ற பெயரில் அதை உருவாக்கியவர்களே மென்பொருளையும் பராமரிக்கிறார்கள். வௌவால் ஆய்விலும், பெலிஸ் நாட்டுக் காடுகளில் வேட்டைத் துப்பாக்கிச் சத்தத்தைக் கண்டறிவதிலும் இது பயன்பட்டிருக்கிறது.

கைக்கு வருவது 58 மில்லிமீட்டர் நீளமும் 48 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட வெறும் மின்சுற்றுப் பலகை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. பின்பக்கம் மூன்று ஏஏ பேட்டரிகள், சுவர்க் கடிகாரத்தில் போடும் அதே அளவு. ஒரு மைக்ரோ எஸ்டி அட்டைக்கான இடம், ஒரு நகர்த்தும் பொத்தான், ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு யூஎஸ்பி துளை. திரை கிடையாது. பெட்டியும் எஸ்டி அட்டையும் பேட்டரியும் தனியாக வாங்க வேண்டும். விலை ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது. யூஎஸ்பி கம்பியிலும் கவனம் தேவை. சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் மலிவான கம்பிகளில் தரவு போகாது. கணினி கருவியை அடையாளம் காணவில்லை என்ற புகார்களில் பெரும்பகுதி கம்பியை மாற்றியதும் தீர்ந்துவிடும்.

அமைப்பது எளிது. இலவச அமைப்புச் செயலியைக் கணினியில் திறந்து, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எத்தனை நொடி பதிந்து எத்தனை நொடி உறங்க வேண்டும், மாதிரி வீதம் (ஒரு நொடியில் ஒலியை எத்தனை முறை அளந்து எழுதுவது) என்ன, ஒலிப்பெருக்கம் என்ன என்று நிரப்பினால், ஒரு நாளைக்கு எத்தனை மெகாபைட் சேரும், பேட்டரியில் எத்தனை மில்லி ஆம்பியர் மணி செலவாகும் என்பதைச் செயலியே கீழே காட்டிவிடும். இதைவிட விலை கூடிய கருவிகளிலும் இவ்வளவு தெளிவான அமைப்புத் திரை அரிது.

மாதிரி வீதத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். 8 முதல் 384 கிலோஹெர்ட்ஸ் வரை தேர்வு உண்டு. அதிகம் வைத்தால் நல்லது என்று நினைத்து 96-ல் வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். பதிவாகும் உச்ச அலைவெண் மாதிரி வீதத்தில் பாதிதான், அதனால் தேடும் குரலின் உச்சத்தைப்போல் இரண்டு மடங்கும் கொஞ்சம் இடைவெளியும் இருந்தால் போதும். 14 கிலோஹெர்ட்ஸ் சில்வண்டுக்கு 32 வைத்தால் மயிரிழையில் தப்பிக்கலாம், 48 வைத்தால் நிம்மதி. இரவில் குரல் கொடுக்கும் பெரும்பாலான பறவைகளுக்கு 16 போதும்.

கணக்கைப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரப் பதிவு 115 மெகாபைட், 48-ல் 346 மெகாபைட், வௌவாலுக்கான 384-ல் 2.76 ஜிகாபைட். மாலை இரண்டரை மணி நேரமும் விடியலுக்கு முன் இரண்டரை மணி நேரமும் பதிந்தால், 64 ஜிபி அட்டை 16 கிலோஹெர்ட்ஸில் சுமார் 110 நாள் தாங்கும், 48-ல் 37 நாள்தான். காட்டுக்குள் அட்டை மாற்றப் போகும் ஒவ்வொரு நடையும் செலவு, அந்த இடத்துக்குத் தொந்தரவும்கூட. அட்டையை நம்பகமான கடையில் வாங்குங்கள். உறையில் 64 என்று போட்டு உள்ளே 8 மட்டுமே இருக்கும் போலி அட்டைகள் சந்தையில் ஏராளம். காட்டுக்குப் போகும் முன்பே எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கருவியின் பெரிய பலவீனம் கடிகாரம். பேட்டரியைக் கழற்றினால் நேரம் அழிந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் பேட்டரியை மாற்றி, பொத்தானைக் கஸ்டம் (நீங்கள் அமைத்த அட்டவணைப்படி பதியும்) நிலைக்குத் தள்ளிவிட்டு வந்தால், நேரம் தெரியாத கருவி பதிவைத் தொடங்காமலே கிடக்கும். டீஃபால்ட் (தள்ளியதுமே பதியத் தொடங்கும்) நிலைக்குத் தள்ளினால் பதியும், ஆனால் கோப்புப் பெயர்கள் 1970 ஜனவரி 1-லிருந்து ஆரம்பிக்கும். நேரமில்லாத குரல்பதிவைச் சான்றாக வைத்து வாதாடுவது கடினம். இதற்கு வழி, பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் மடிக்கணினியில் செருகி நேரத்தை அமைப்பது. அல்லது ஆடியோமாத்துக்கான சைம் என்ற செயலி மூலம் கைபேசியிலிருந்து ஒரு ஒலியை எழுப்பி, அந்த ஒலி வழியே நேரத்தைக் கருவிக்குச் சொல்வது.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல், கருவி உலக நேரத்தில் ஓடுவது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். பெயர் 133000, அதாவது 13:30:00, என்று முடியும் கோப்பு நமக்கு மாலை 7 மணி. நாளுக்கொரு கோப்புறை என்று அமைத்தால் நாள் மாறுவது நம் அதிகாலை 5.30-க்கு. பறவைகளின் விடியற்பாட்டு சரியாக இரண்டாக வெட்டுப்படும்! செயலியில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள இடமுண்டு. எது வைத்தாலும் குழுவில் எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி இருக்கட்டும், அதைக் களக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பேட்டரியில் ஆல்கலைன் போதும். செயலி ஒரு நாளைக்கு 40 மில்லி ஆம்பியர் மணி என்று காட்டினால், 2500 கொண்ட பேட்டரி கணக்குப்படி 62 நாள் வர வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்பித் திட்டமிடுவது பாதுகாப்பு. வெயிலிலும் குளிரிலும் பேட்டரியின் திறன் குறையும், எழுதும் வேகம் குறைந்த அட்டை கூடுதல் மின்சாரம் இழுக்கும். மீளூட்டும் பேட்டரிகள் 1.2 வோல்ட் என்பதால் மூன்று சேர்ந்து 3.6 வோல்ட்தான். முழுதாக ஏற்றியிருந்தாலும் கருவி தீரப்போவதாகக் காட்டும். அதற்கான மின்னழுத்த அளவீட்டைச் செயலியில் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஒரே கருவிக்குள் பழையதும் புதியதும் கலந்து போடக் கூடாது, கசிந்தால் பலகையே போய்விடும்.

பெட்டி விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது பொதுவான தவறு. ஆரம்ப காலத்தில் பலரும் ஜிப் வைத்த பாலிதீன் பையில் போட்டுக் கட்டினார்கள். இன்றும் கட்டுகிறார்கள். ஒரு வாரச் சோதனைக்கு அது சரி. மாதக்கணக்கில் என்றால் காற்றில் பை சலசலக்கும், உள்ளே வியர்க்கும், உயர் அலைவெண்கள் மங்கும். இதற்கென்றே செய்த பெட்டியில் ஒலிவாங்கிக்கு நேராக ஒலியை விட்டு நீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வும் ஒலிவாங்கியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று மூடும்போது பாருங்கள். சவ்வின்மேல் நீர்த்துளி தங்கினால் பதிவு மங்கலாகும், அதனால் துளை கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கும்படி கட்டுவது நல்லது. உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மூடும் ஓரத்தில் ஒரு மணல்துகள் சிக்கினாலும் ஈரம் இறங்கும்.

கட்டும் உயரம் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர். பருத்த மரத்தின்மேல் ஒட்டினாற்போல் கட்டினால் அடிமரமே பாதித் திசையை மறைத்துவிடும். கையளவு பருமனுள்ள தண்டு அல்லது தனியாக நட்ட கம்பு சிறந்தது. எட்டும் தூரத்தில் ஆடக்கூடிய இலையோ கிளையோ இருந்தால் வெட்டாமல் இடத்தை மாற்றுங்கள். ஓடைப் பக்கம் வேண்டாம். ஒலிப்பெருக்கத்தில் ஐந்து படிகள் உண்டு, நடுப்படியில் தொடங்குவது சரி. குரல் தூரத்திலிருந்து வரும் என்று உச்சத்தில் வைத்தால், பக்கத்தில் கத்தும் ஒரே ஒரு சில்வண்டு பதிவு முழுவதையும் உச்சவரம்பில் முட்டவைத்து நசுக்கிவிடும். அப்படி நசுங்கிய ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கிளம்பும் முன் விளக்கைப் பாருங்கள். பச்சை மின்னினால் அட்டவணைக்காகக் காத்திருக்கிறது, சிவப்பு என்றால் பதிகிறது, இரண்டும் சேர்ந்து எரிந்தால் ஏதோ கோளாறு, முதலில் அட்டையைப் பாருங்கள். அதன்பின், பதிவு ஓடும்போது, இடத்தின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் கருவியின் அருகே வாயால் சொல்லி ஒரு நிமிடம் பதியவிடுங்கள். பிற்பாடு நேரம் குழம்பினால் இந்த ஒரு நிமிடம்தான் காப்பாற்றும்.

இத்தகைய பதிவுக் கருவிகளின் முழு பலத்தைக் காட்டும் எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் இரவுக்கிளி. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பிடிபடாமல் இருந்த பறவை அது. 1990-லும் 2006-லும் குயின்ஸ்லாந்தில் செத்த உடல்கள் மட்டும் கிடைத்தன. 2013-ல் உயிருள்ள பறவை படம் பிடிக்கப்பட்டது, குரலும் தெரியவந்தது. குரல் தெரிந்ததும் தேடலின் தன்மையே மாறியது. இருட்டியதும் பகல் தங்கிடத்தைவிட்டுக் கிளம்பும்போதும், விடியுமுன் திரும்பும்போதும் அது கத்தும் என்று தெரிந்ததால், எந்த நேரத்தில் பதிய வேண்டும் என்பதும் தெரிந்தது. கிரேட் சாண்டி பாலைவனத்தின் நுருர்பா பழங்குடி வனக்காவலர்கள் தங்கள் நிலத்தில் பதிவுக் கருவிகளைப் பரப்பி, அங்கே 50 பறவைகள் வரை இருக்கலாம் என்று காட்டினார்கள். அந்த ஆய்வு 2024-ல் வெளியானது. எங்கே கருவி வைப்பது என்பதைச் சொன்னது அந்த மண்ணை அறிந்தவர்களின் அறிவு. பெட்டி அவர்கள் தூங்கும் நேரத்திலும் காது கொடுத்தது.

நமக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு பறவை உண்டு. ஆந்திராவின் ஜெர்டன் கோர்சர், தெலுங்கில் கலிவி கோடி. 1848-ல் அறிவியலுக்கு அறிமுகமாகி, 1900-க்குப் பிறகு மறைந்துபோய், 1986 ஜனவரியில் கடப்பா மாவட்டத்தில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் முயற்சியால் மீண்டும் கிடைத்தது. வலையைவிட, விளக்கு வெளிச்சத்தில் பறவை பிடிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரரின் திறமையே அதைக் கொண்டுவந்தது. பிறகு பறவையியலாளர் ப. ஜெகநாதனும் உடன் பணியாற்றியவர்களும் மென்மண் பரப்பிய கால்தடப் பட்டைகள், தானியங்கிக் கேமராக்கள் கொண்டு தேடும் முறையை வகுத்து 2002-ல் வெளியிட்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள் உறுதியான தகவல் இல்லாமல் இருந்து, 2025 ஆகஸ்டில் ஆந்திராவில் அதன் குரல் மீண்டும் பதிவானது. இருட்டிய பின் குறுகிய நேரமே கூவும், ஈரசைக் குரல். ஆடியோமாத்துக்கு இதைவிடப் பொருத்தமான பறவை கிடைக்காது. மாலையும் விடியலும், 16 கிலோஹெர்ட்ஸ், பத்து நிமிடக் கோப்புகளாக 595 நொடி பதிவு, 5 நொடி உறக்கம்.

ஆனால் எத்தனை கருவி? ஒரு கருவிக்கு 150 மீட்டர் வரை கேட்கும் என்று கொண்டால் அது காப்பது 7 ஹெக்டேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 14 கருவி வேண்டும். 300 மீட்டர் கேட்கும் என்றால் நான்கு போதும். அந்தப் பறவை கிடைத்த கடப்பாப் பகுதியின் ஸ்ரீ லங்காமல்லேஸ்வரா சரணாலயத்தின் பரப்பு சுமார் 464 சதுர கிலோமீட்டர். ஆக, கேட்கும் தூரத்தை ஊகிக்காமல் அளந்தே ஆக வேண்டும். பறவை இருக்கக்கூடிய காட்டில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அளக்காதீர்கள். அருகிலிருக்கும் உயிர் எல்லை காக்க ஓடிவரும், அதன் வேளை கெடும், உங்கள் பதிவிலும் பொய்க்குரல் கலக்கும். அதே மாதிரிப் புதர் உள்ள வேறு நிலத்தில் 50, 100, 150, 200 மீட்டர் தூரங்களில் ஒலிபெருக்கியை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

பதிவுகளை அலசுவதில்தான் பெரும்பாலான முயற்சிகள் படுத்துவிடுகின்றன. பத்துக் கருவி, நாளுக்கு ஐந்து மணி நேரம், 60 நாள் என்றால் 3,000 மணி நேரம். காதால் கேட்டு முடிக்க முடியாது. பேர்ட்நெட் போன்ற இலவச மென்பொருள்கள் மூன்று மூன்று நொடியாக வெட்டிப் பறவைப் பெயர் சொல்லும். தொலைந்த உயிருக்கு அதை அப்படியே நம்ப முடியாது. பயிற்சிக்குப் போதிய பதிவுகள் இல்லாத குரலை அது பக்கத்துப் பறவையின் பெயரில் எழுதிவிடும். கையிலிருக்கும் சில பதிவுகளைக் கொண்டு நீங்களே ஒரு வார்ப்பு (ஒப்பிட்டுத் தேடுவதற்கான குரல் மாதிரி) செய்து, நம்பிக்கை அளவைத் தாழ்த்தி வைத்து, வரும் ஆயிரக்கணக்கான போலிகளை ஒலிப்பட வரைபடத்தில் (ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம்) கண்ணால் தள்ளிக்கொண்டே போவதுதான் நடைமுறையில் ஓடும் வழி. வரைபடத்தைப் பார்க்கப் பழகிய கண் ஒரு பத்து நிமிடக் கோப்பைச் சில நொடிகளில் தாண்டிவிடும். ஜெர்டன் கோர்சரின் புதர்க்காட்டில் ஆள்காட்டி, கண்கிலேடி, பக்கி, கௌதாரி எல்லாம் இரவிலும் கருக்கலிலும் கத்தும். அவற்றின் குரல்கள் அத்துபடியானவர் ஒருவராவது குழுவில் வேண்டும்.

கிடைத்தது என்று அறிவிக்கும் முன் அமெரிக்காவின் தந்த அலகு மரங்கொத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 2005-ல் ஆர்கன்சா சதுப்புக் காட்டில் அது உயிரோடு இருப்பதாகப் பெரிய அறிவிப்பு வந்தது. தானியங்கிப் பதிவுக் கருவிகளில் அது மரத்தில் தட்டுவதுபோன்ற இரட்டைத் தட்டலும் அதன் குரலை ஒத்த ஒலியும் விழுந்தன. ஆனால் நீல ஜே பறவை அந்தக் குரலைப்போலவே கத்தக்கூடியது, இரட்டைத் தட்டலுக்கும் வேறு விளக்கங்கள் உண்டு. விவாதம் இன்றும் ஓயவில்லை. 2021-ல் அழிந்ததாக அறிவிக்க முன்மொழிந்த அமெரிக்க அரசு, 2023-ல் இறுதி செய்த பட்டியலில் அதைச் சேர்க்காமல் விட்டுவைத்தது. குரல் விழுந்த இடத்தில் உடனே கேமரா வைத்துப் படமும் எடுத்தால்தான் சந்தேகம் தீரும்.

இந்தப் பெட்டி உதவாத இடங்களையும் சொல்ல வேண்டும். மேகமலையில் 1948-ல் பிடிபட்டு, வேறு வௌவால் என்ற பெயரில் அருங்காட்சியக அலமாரியில் கிடந்து, 1972-ல்தான் தனி இனம் என்று அறியப்பட்ட சலீம் அலி பழவௌவால் 1993-ல் மீண்டும் கிடைத்தது. வௌவால்தானே, 384-ல் வைத்துப் பிடித்துவிடலாம் என்று எண்ணினால் ஏமாற்றமே. பழந்தின்னி வௌவால்கள் பூச்சி தின்னும் வௌவால்களைப்போல மீயொலி எழுப்பி வழி தேடுபவை அல்ல. அதற்கு வலையும் குகையறிவும்தான் வேண்டும். நாணல் மூங்கிலுக்குள் வாழும் சலசோடெஸ் தவளை 136 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடைத்ததாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. 1874-ல் யார் அதன் குரலைப் பதிந்திருப்பார்கள்? ஒப்பிட மாதிரி இல்லாத இத்தகைய தேடலில், பெயர் தெரியாத குரல்களைத் தனியே பிரித்துக்கொண்டு, இரவில் கைவிளக்கோடு அந்தப் புதரைத் தேடிப் போவதே வழி. கருவி இடத்தைச் சுட்டலாம், அதற்கு மேல் முடியாது.

எதுவும் கிடைக்காதபோது அந்த மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது? ஓர் இரவில் ஒரு கருவி அந்தக் குரலைப் பிடிக்கும் வாய்ப்பு, உயிர் அங்கே இருக்கும் பட்சத்தில், 30 சதவீதம் என்றால் ஒன்பது இரவு மௌனத்துக்குப் பிறகு அங்கே இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். வாய்ப்பு 10 சதவீதம் என்றால் 29 இரவு. 5 சதவீதம் என்றால் 59 இரவு. ஒரு வாரம் வைத்துவிட்டு எடுத்துவந்து பறவை இல்லை என்று அறிக்கை எழுதுவது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம். அத்தகைய அறிக்கையைக் காட்டித்தான் கால்வாயும் குவாரியும் வருகின்றன. காற்றும் மழையும் அடித்த இரவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குரல் கொடுக்காத பருவத்தையும் சேர்க்காதீர்கள்.

போட்டிக் கருவிகளில் சாங் மீட்டர் மினி, மைக்ரோ போன்றவை பெட்டியோடு வரும், கைபேசியிலேயே ப்ளூடூத் வழியாக அமைக்கலாம், களத்தில் கடிகாரத் தொல்லை குறைவு. மடிக்கணினி தூக்க முடியாத இடங்களுக்கு அவை வசதி. விலை கூடுதல். தொலைந்த உயிரைத் தேடும்போது ஒரு நல்ல காதைவிடப் பல சுமாரான காதுகள் மேல், அதனால் ஆடியோமாத்தே முந்துகிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் அனுப்பும் செலவும் விலையில் கணிசமாக ஏறும் என்பதால் பல குழுக்கள் சேர்ந்து ஒரே தவணையில் வாங்குவது நல்லது. சரணாலயத்துக்குள் வைக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி கட்டாயம். மாடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர் பேச்சும் இதில் விழும். அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, மனிதக் குரல் உள்ள துண்டுகளை அழித்துவிடும் ஒழுங்கு வேண்டும்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் கருவிக்கே போட்டுவிடாதீர்கள். எட்டுக் கருவி வாங்கினால் எட்டுப் பெட்டி, பதினாறு அட்டை, இரண்டு பருவத்துக்கான பேட்டரிக்கும் பணம் எடுத்துவையுங்கள். ஏழு கருவிகளைக் காட்டில் கட்டுங்கள். எட்டாவது மாற்றுக்கு.